ஐசியூ நர்ஸ்கள் மனசு விட்டுப் பேச ஒரு ஏற்பாடு: சேலத்தில் யாராவது உருப்படியாகச் செய்திருக்கிறீர்களா?

நைட்_டூட்டி:

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வார்டில் பாதிப் பேர் படிப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்த பெண்கள். அரூர், ஆத்தூர், வாழப்பாடி பக்கத்துப் பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள்.

கொஞ்ச நாள் முன்னால் பைக் ஆக்சிடென்டில் ஒரு பையன் வந்தான், மூளைச்சாவு. ஐசியூ பார்த்தவர்களுக்குத் தெரியும், டாக்டர்கள் ஒரு தடவை பார்த்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதி செய்யும் வரைக்கும் வென்டிலேட்டரும் மருந்தும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நாமும் வாய் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, யூரின் அளவு எழுதிக்கொண்டுதான் இருப்போம். அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "கை சூடாத்தானே கண்ணு இருக்குது, அப்புறம் எப்படிப் போயிட்டான்னு சொல்றீங்க" என்று எங்கள் சின்ன நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்றது இவள்தானே, அதனால் இவளிடம் கேட்டார்.

அன்றிலிருந்து இவள் சரியில்லை. மெஸ்ஸில் தட்டில் சோற்றை வாங்கி அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறாள். அந்த பெட்டில் யார் அட்மிட் ஆனாலும் எனக்கு வேறு பெட் கொடுங்கள் அக்கா என்கிறாள்.

நிர்வாகத்தில் சொன்னேன். அவர்களும் சும்மா இருக்கவில்லை, ஒரு மத்தியானம் ஆடிட்டோரியத்தில் மன அழுத்தம் போக்கும் பயிற்சி வைத்தார்கள். நைட் டூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் எழுப்பி வரச் சொன்னார்கள். வந்தவர் கையைத் தட்டச் சொன்னார், பலூன் ஊதச் சொன்னார், பாசிட்டிவாக நினையுங்கள் என்றார், சமோசா, குரூப் போட்டோ. கடைசியில் ஒரு ஃபார்ம், அதில் உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கேள்வி, மேலே எம்ப்ளாயி ஐடி எழுதக் கட்டம். எல்லாரும் ஒற்றுமையாக "இல்லை" போட்டுவிட்டு வந்தோம்.

ஹெச்ஆருக்குத் தெரியாமல், செலவு அதிகம் இல்லாமல், இந்தப் பிள்ளைகள் தொடர்ந்து யாரிடமாவது பேசுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? அந்தப் பெண்ணை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமா? வீட்டில் அவளுக்கு வரன் பார்க்கிறார்கள், மனநல டாக்டரிடம் போனது தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

அடிவாரத்துத்_தம்பி:

அக்கா, நான் 108 ஆம்புலன்ஸில் ஈஎம்டி, அதாவது வண்டியில் நோயாளிக்கு முதலுதவி பார்க்கிறவன், ஏற்காடு மலைப்பக்கம் டூட்டி. உங்களுக்காவது நோயாளி என்ன ஆனார் என்று தெரிகிறது. எங்களுக்கு அது கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குகிற வரைக்கும் பின்னால் நானும் நோயாளியும் அவர் சொந்தக்காரர் ஒருத்தரும் மட்டும்தான், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேக் அமுக்க வேண்டும், சொந்தக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவார். கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சர் மாற்றியதும் நம் வேலை முடிந்தது. அப்புறம் பிழைத்தாரா இல்லையா, யாரும் சொல்ல மாட்டார்கள், அடுத்த கேஸ் வந்துவிடும்.

எனக்கு ஒரு சமயம் தூக்கமே போய்விட்டது. கண்ணை மூடினால் வளைவில் வண்டி திரும்புகிற மாதிரியே இருக்கும். வண்டி ஓட்டுகிற பைலட் அண்ணன்தான் 14416-க்குப் போன் போடச் சொன்னார், அரசு மனநல உதவி எண், டெலி மானஸ் என்பார்கள், 2022 அக்டோபரில் இருந்து இருக்கிறது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். நான் போட்டது நடுராத்திரியில். முதலில் கம்ப்யூட்டர் குரல் மொழி கேட்கும், பொறுமையாக அமுக்க வேண்டும், அந்த இடத்திலேயே பாதிப் பேர் கட் பண்ணிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் தமிழிலேயே ஒரு மேடம் பேசினார். புத்திமதி சொல்லாமல் கேட்டார், அதுவே பெரிசு. ஆளே தெரியாதவரிடம் பேசுவது எனக்கு வசதியாக இருந்தது. முகம் பார்த்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். உங்கள் நர்ஸ் பெண்ணுக்கு இன்றைக்கே இந்த எண்ணைக் கொடுங்கள், ஹெச்ஆர் என்ன, பக்கத்து ரூமுக்குக்கூடத் தெரியாது.

மனநல_சமூகப்பணியாளர்:

சிஸ்டர், இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன். முதலில் அந்தப் பெண் விஷயம்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அல்லது அந்தக் காட்சி கேட்காமலே கண் முன்னால் வந்துகொண்டும் அந்த இடத்தைப் பார்க்கவே முடியாமலும் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பைத்தியம் என்று அர்த்தம் இல்லை, சீக்கிரம் போனால் சீக்கிரம் சரியாகும் என்பதால். இன்னொன்று, இன்றைக்கே தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உயிரோடு இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஏற்படுத்திவிடுவோம் என்ற பயம் நர்ஸ்களுக்கே இருக்கிறது, அது உண்மையில்லை, கேட்டால் பெரும்பாலும் பாரம் இறங்கும். ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், ஹாஸ்டல் ரூமில் கூட ஒருத்தரைப் படுக்க வையுங்கள், அன்றைக்கே டாக்டர்.

வரன் பயம் நியாயமானதுதான். உங்கள் மருத்துவமனையிலேயே காட்ட வேண்டாம், நாமக்கல்லோ ஈரோடோ போகட்டும், இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் டாக்டர் உங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லக் கூடாது. வீட்டுக்கும் அப்படித்தான், ஆபத்தான நிலை மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. சட்டம் இருப்பது வேறு, ஊர் வாய் வேறு, தெரியும். ஆனாலும் சட்டம் அவள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் தெம்பு வரும்.

அப்புறம் உங்கள் வார்டு. பலூன் ஊதச் சொன்னவரை நானும் நாலு இடத்தில் பார்த்திருக்கிறேன், விடுங்கள். அதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று உண்டு, அதை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு சாவு நடந்ததும் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, என்ன பார்த்தாய், என்ன தோன்றியது என்று ஒவ்வொருத்தரையும் கட்டாயமாகச் சொல்ல வைப்பது. ஒரு காலத்தில் இதைத்தான் வெளிநாடுகளில் பெரிய சிகிச்சையாக நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது ஒரே உட்காரலில் கிளறிவிட்டுப் போவது பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூடுதலாகவே கெடுத்தது என்று தெரிந்து உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றுவிட்டது. அதற்குப் பதிலாக அவர்கள் சொல்வது மனநல முதலுதவி. யார் தடுமாறுகிறார் என்று பார்க்க வேண்டும், பேச விரும்பினால் கேட்க வேண்டும், தேவையான இடத்தோடு சேர்த்துவிட வேண்டும். அவள் கேட்டபோது நீங்கள் வேறு பெட் கொடுத்திருப்பீர்களே, வீட்டுக்குப் பேச ஒரு பத்து நிமிஷம் விட்டிருப்பீர்களே, முதலுதவி என்பது அதுதான்.

தொடர்ந்து செய்ய வேண்டியது வேறு. லண்டனில் 1950-களில் மைக்கேல் பாலின்ட் என்ற மருத்துவர், குடும்ப டாக்டர்களைச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, மனதை விட்டுப் போகாத ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் பேச வைத்தார். மருந்து சரியா தப்பா என்ற பேச்சே இல்லை, அந்த நோயாளி உங்களை என்ன செய்தார் என்பது மட்டும்தான். இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. இதற்கு ஆடிட்டோரியம் வேண்டாம். மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ, ஒரே கிழமை, ஒரே நேரம், எட்டுப் பேருக்குள், முக்கால் மணி நேரம். நடத்துபவர் வெளி ஆளாக இருக்க வேண்டும், உங்கள் ரோஸ்டரையோ (டூட்டிப் பட்டியல்) சம்பளத்தையோ தொடுகிறவராக இருக்கக் கூடாது (இன்சார்ஜான நீங்களும் நடத்தக் கூடாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்). எதையும் எழுதி வைக்கக் கூடாது, கையெழுத்து நோட்டு வேண்டாம். முக்கியமாக டூட்டி நேரத்தில் நடக்க வேண்டும், லீவு நாளில் வரச் சொன்னால் அதுவும் இன்னொரு வேலைதான். ஆள் வேண்டுமென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தில் கேட்டுப் பாருங்கள், கல்லூரிகளில் சமூகப்பணித் துறை ஆசிரியர்களில் அனுபவம் உள்ளவர்கள் இருப்பார்கள்.

செவ்வாய்பேட்டை_சிஸ்டர்:

நான் ரிட்டயர்ட் ஸ்டாஃப் நர்ஸ். சார் சொல்வது எல்லாம் சரி, ஆனால் எனக்கு எரிச்சலாக வருகிறது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் நான் படித்த காலத்தில் இருந்து சொல்லும் கணக்கு, இப்போது எத்தனை இடத்தில் ஒரு பிள்ளை மூன்று பெட் பார்க்கிறாள்? டபுள் டூட்டி பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசு என்றால் அவள் தூங்கி விழுவாள். ஓட்டைக் குடத்துக்கு வெளியில் பொட்டு வைக்கிற கதைதான். நிர்வாகத்துக்கு இது ரொம்ப வசதி, ஆள் போட வேண்டாம், சம்பளம் ஏற்ற வேண்டாம், உனக்கு மன தைரியம் போதவில்லை என்று பிள்ளைகள் தலையிலேயே கட்டிவிடலாம்.

பர்ன்அவுட் பர்ன்அவுட் என்கிறார்களே, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே அது நோய் இல்லை, வேலை செய்யும் இடத்தில் சமாளிக்கப்படாமல் விடப்பட்ட அழுத்தத்தால் வருவது என்றுதான் போட்டிருக்கிறார்கள், 2022-ல் நடைமுறைக்கு வந்த பட்டியல், சார் வேண்டுமானால் நான் சொல்வது தப்பா என்று பார்க்கட்டும். வேலை இடத்தில் வந்த கோளாறுக்கு வேலை இடத்துக்குத்தானே வைத்தியம் பார்க்க வேண்டும்?

கண்ணு, நீ இன்சார்ஜ். ரோஸ்டர் உன் கையில் இருக்கிறது. சாவு பார்த்த பிள்ளைக்கு மறுநாளும் அதே பெட், தொடர்ந்து நைட் என்று போடாமல் இருக்கிறாயா, அதை முதலில் பார். அப்புறம் நோயாளிக்குத் துணையாக வந்து நம்மை அடிக்க வரும் அட்டெண்டர்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது, புகார் கொடுக்க நிர்வாகம் கூட நிற்கிறதா? நிற்காத இடத்தில் கவுன்சலிங் வைத்து என்ன பிரயோஜனம்.

மனநல_சமூகப்பணியாளர்:

சிஸ்டர் சொன்னது தப்பில்லை, அந்தப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. களைப்பு, வேலை மேலும் நோயாளி மேலும் ஒட்டாமல் போவது, நான் செய்வதில் பிரயோஜனமே இல்லை என்ற நினைப்பு, மூன்றும் சேர்ந்தது. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி இருக்கிறதே, ஒரு நோயாளிக்கு இரண்டு நர்ஸ் போட்டாலும் அந்தக் கேள்வி வந்துதான் இருக்கும். ஆளும் வேண்டும், பேச இடமும் வேண்டும். ஆள் போடும் வரைக்கும் பேசாமல் இருங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல என்னால் முடியாது.

மலைக்காட்டு_அக்கா:

நீங்கள் எல்லாம் ஹெச்ஆர், ஆடிட்டோரியம் என்று பேசுகிறீர்கள், எங்களுக்கு அதுவும் கிடையாது. நான் ஏற்காடு மலையில் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர், மகளிர் குழுவிலிருந்து எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. காபித் தோட்டத்துக்குள் நடந்துதான் போக வேண்டும், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஏற்றம் இறக்கம்.

வெளியில் இருந்து பார்த்தால் மாத்திரை கொடுக்கிற வேலை. ஆனால் படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டிக்கு மாதக்கணக்கில் நான்தான் விருந்தாளி. ஒரு வீட்டுக்கு மாத்திரைக் கவரோடு போய் நிற்கிறேன், மருமகள் வெளியே வந்து, "அவங்க போயி எட்டு கும்பிட்டாச்சு, உங்களுக்கு யாரும் சொல்லலியா" என்கிறாள். கவரைத் திருப்பிக் கொண்டுவந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, நோட்டில் அந்தப் பெயரை அடித்தேன். அதோடு சரி. அழவும் முடியாது, நான் என்ன சொந்தமா என்று கேட்பார்கள்.

ஆனால் ஒன்று செய்தோம். மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு பிரஷர் பார்த்தாய், எத்தனை விட்டுப்போச்சு என்று கணக்கு மட்டும்தான் கேட்பார்கள். எங்களில் மூத்த அக்கா ஒருத்தர் டாக்டரம்மாவிடம் கேட்டார், கணக்கு ஆரம்பிக்கும் முன்னால் அந்த மாதம் தவறிப்போனவர்களைப் பற்றி அவரவர் ரெண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறோம் என்று. அவரும் சரி என்றார். ஒருத்தர் அந்தத் தாத்தா காசு இல்லாவிட்டாலும் காபி போடாமல் அனுப்ப மாட்டார் என்பார், இன்னொருத்தர் ஆமாம் என்னையும் திட்டுவார் என்பார், சிரித்துவிடுவோம். பத்து நிமிஷம்கூட ஆகாது. வெளியாள் யாரும் வரவில்லை, பைசா செலவில்லை. சார் சொன்ன லண்டன் டாக்டர் கணக்கில் இது வருமா தெரியாது, எங்களுக்குப் போதும்.

நைட்_டூட்டி:

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்பேட்டை சிஸ்டர், திட்டினாலும் சரியாகத் திட்டினீர்கள், அடுத்த வார ரோஸ்டரில் மாற்றிவிட்டேன். ஆள் போடும் விஷயத்தில் என் பேச்சு எடுபடாது, ஆனால் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடத்திடம் எழுத்தில் கொடுக்கப் போகிறேன்.

அவளிடம் நேராகக் கேட்டேன். அப்படி எல்லாம் நினைப்பு இல்லை அக்கா என்றாள், ஆனால் ரொம்ப நேரம் அழுதாள். 14416-ல் பேசியிருக்கிறாள், நாமக்கல்லில் ஒரு டாக்டரிடமும் அடுத்த ஆஃபில் போகிறோம், துணைக்கு நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் தோழி கல்யாணம் என்று சொல்லிக்கொள்வாளாம்.

சார், குழு விஷயத்தில் ஒரு சந்தேகம். மார்னிங் ஷிஃப்ட் அடுத்தவர்களிடம் ஓவர் கொடுத்து (பொறுப்பை ஒப்படைத்து) முடிக்கிற நேரத்தில்தான் இரண்டு ஷிஃப்ட்டும் சேர்ந்து இருக்கும், வேறு நேரத்தில் பெட்டை விட்டு ஆள் எடுக்க முடியாது. அந்த நேரத்தில் வைத்தால் மார்னிங் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போகிற நேரம் தாமதமாகுமே, சரியாக வருமா?

மனநல_சமூகப்பணியாளர்:

மார்னிங் ஷிஃப்ட்டை விடுங்கள், ஈவினிங்குக்கு வருகிறவர்களில் நாலு பேரை வைத்து ஆரம்பியுங்கள், மார்னிங் ஆட்கள் முக்கால் மணி நேரம் கூடுதலாக பெட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம். அந்த முக்கால் மணியை டூட்டி நேரமாகக் கணக்கில் எடுக்கிறோம் என்று மட்டும் மேடத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் யாரைப் பார்ப்பது என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.