நோக்கியா 808 ப்யூர்வியூ: இருட்டில் படம் எடுத்தால் அணைந்துவிடுகிறது, உதவுங்கள்

உப்புக்காற்று (தூத்துக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். "புது ஃபோன் வாங்கிக்கொள்" என்று யாரும் சொல்ல வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. இது அப்பாவின் ஃபோன்.

அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. 2013-ல் தெரிந்தவர் ஒருவர் கழித்துக்கட்டியதை வாங்கினார். பின்பக்கத்தில் கேமரா மட்டும் கொழுக்கட்டை ஒட்டியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். சட்டைப் பையில் போட்டால் பை ஒரு பக்கம் தொங்கும். 2017-ல் வாட்ஸ்அப் நின்றதும் பீரோவுக்குள் போனது. போன மாதம் பீரோவை ஒதுக்கியபோது எடுத்துப் பார்த்தால், பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, இணையத்தில் பிவி-4டி (இந்த ஃபோனின் பேட்டரி வகை) என்று தேடி ஒன்று வாங்கிப் போட்டேன். ஆன் ஆகிவிட்டது! அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது பிரச்சினை. பாட்டு, எஃப்எம், மெனு எல்லாம் சரி. பகலில் உப்பளத்தில் நாற்பது ஐம்பது படம் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாயங்காலமோ வீட்டுக்குள்ளோ எடுத்தால், பட்டனை அழுத்திய நொடி திரை கறுத்து ஃபோனே அணைந்துவிடுகிறது. திரும்ப ஆன் செய்தால் பேட்டரி முக்கால்வாசி இருப்பதாகக் காட்டுகிறது. கேமரா போய்விட்டதா?

இன்னொன்று, புது 64 ஜிபி மெமரி கார்டு போட்டால் படிக்க மாட்டேன் என்கிறது.

ரீசெட் ராஜா

சாஃப்ட்வேர் கோளாறுதான். டயல் செய்யும் இடத்தில் *#7370# அடியுங்கள். கோட் கேட்டால் 12345. அஞ்சு நிமிஷத்தில் புது ஃபோன்.

பழைய சிம்பியன்

உப்புக்காற்று, கொஞ்சம் பொறுங்கள், அதை அடித்துவிடாதீர்கள்! அது ஃபோனின் சி டிரைவை, அதாவது உள் நினைவகத்தை, துடைத்துவிடும். அப்பாவின் தொடர்பு எண்கள், பழைய மெசேஜ் எல்லாம் போய்விடும். முதலில் எண்களையெல்லாம் ப்ளூடூத்தில் உங்கள் ஃபோனுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யோசிக்கலாம்.

ராஜா, கோபப்படாதீர்கள். பகலில் ஐம்பது படம் எடுத்த கேமராவுக்கு சாஃப்ட்வேர் எங்கே கெட்டது?

உப்புக்காற்று

நல்லவேளை, கை வைக்கவில்லை. அதில் உப்பு வியாபாரிகள் எண்கள் இருநூறு இருக்கின்றன. பாதிப் பேருக்கு ஊர்ப்பெயரை மட்டும் போட்டு வைத்திருக்கிறார். போனால் அப்பா என்னை வீட்டில் சேர்க்க மாட்டார்.

பட்டறை அண்ணாச்சி (நெல்லை)

இருட்டு என்றால் அணைகிறது, வெயில் என்றால் அணையவில்லை. அப்படியானால் கேமராவைப் பார்க்க வேண்டாம், ஃப்ளாஷைப் பாருங்கள். உங்கள் ஃபோனில் ஃப்ளாஷ் ஆட்டோவில் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் அதுவே அடிக்கும்.

மூன்று சோதனை செய்துவிட்டு வந்து சொல்லுங்கள், தங்கச்சி. ஒன்று, ஃப்ளாஷை அணைத்துவிட்டு அதே இருட்டு அறையில் பத்துப் படம் எடுங்கள். இரண்டாவது, ஃப்ளாஷ் போட்டு, சார்ஜர் சொருகிய நிலையில் எடுங்கள். மூன்றாவது, நகைக்கடைத் தராசு எங்காவது கிடைத்தால் புது பேட்டரியை எடை போடுங்கள். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு

41 மெகாபிக்சல் என்று அந்தக் காலத்தில் கதை விட்டார்களே, அந்த ஃபோனா? மியூசியத்தில் கொடுங்கள்.

நிழல்பிடிப்பவள்

வெட்டிப்பேச்சு அண்ணா, அது கதையில்லை. சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, 1/1.2 அங்குலம். அந்தக் காலத்து மற்ற ஃபோன்களில் இருந்தது சுண்டுவிரல் நகத்தில் கால்வாசி. 41 என்பது சென்சாரில் இருக்கும் மொத்தம், படமாக வருவது அதிகபட்சம் 38 மெகாபிக்சல். ஆனால் விஷயம் அதில் இல்லை. சாதாரணமாக 5 மெகாபிக்சலில்தான் எடுக்க வேண்டும். ஏழு புள்ளி பார்த்ததைச் சேர்த்து ஒரு புள்ளியாக வடிகட்டிக் கொடுக்கும். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி, படத்தில் பொரிப்பொரியாக வரும் இரைச்சல் எல்லாம் அதிலேயே போய்விடும். ஜூம் செய்தால் படத்தை இழுத்துப் பெரிதாக்காது, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் சுமார் மூன்று மடங்கு வரை படம் குழையாது.

அப்புறம் உள்ளே என்டி ஃபில்டர் ஒன்று இருக்கிறது, லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி. உப்புக்காற்று, உச்சி வெயிலில் உப்புக் குவியல் எடுக்கும்போது அதைப் போட்டுப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக எரிந்துபோகாது.

உப்புக்காற்று

அக்கா, அது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது! "வெயிலுக்குக் கண்ணாடி போடுற இடம் ஒண்ணு உண்டும்மா" என்று கேமரா அமைப்புக்குள் போய் எடுத்துக் காட்டினார். நேற்று மதியம் எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். குவியலில் ஒவ்வொரு உப்புக்கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது. என் புது ஃபோன் அதே குவியலை மாவு மாதிரி வழித்துவிட்டது.

அண்ணாச்சி, சோதனை முடிவு இதோ. ஃப்ளாஷ் இல்லாமல் பத்தும் எடுத்தேன், அணையவில்லை. ஃப்ளாஷ் போட்டால் முதல் படத்திலேயே போய்விட்டது. சார்ஜர் சொருகினால் முதல் படம் வந்தது, இரண்டாவதில் அணைந்தது. பேட்டரி மேல் 2800 எம்ஏஎச் (எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு நகைப் பட்டறையில் பழைய பேட்டரியையும் சேர்த்து எடை போட்டேன், புதுசு கால்வாசி எடை குறைவு.

பட்டறை அண்ணாச்சி (நெல்லை)

ஆள் அகப்பட்டுவிட்டது. கம்பெனி பிவி-4டி 1400 எம்ஏஎச்தான். அதே அளவு டப்பாவுக்குள் இரண்டு மடங்கு மின்சாரம் அடைத்துவிட்டேன், எடையும் குறைத்துவிட்டேன் என்றால் அவனுக்கு நோபல் பரிசு கொடுக்க வேண்டியதுதான். லேபிளில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எடையை மட்டும் ஏமாற்ற முடியாது. மணலை அடைத்தால் வேறு விஷயம், அதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் ஃப்ளாஷில் மட்டும்? இப்போதைய ஃபோன்களில் இருப்பது எல்இடி, டார்ச் மாதிரி எரிவது. 808-ல் இருப்பது ஜெனான். கல்யாண வீட்டு ஃபோட்டோகிராபர் கேமராவில் "டப்" என்று வெட்டுமே, அதே சாதி. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் என்ற பாகத்தில் சில நூறு வோல்ட் ஏற்றி வைத்து, கண் இமைப்பதற்குள் மொத்தத்தையும் கொட்டும். அந்தக் கெபாசிட்டரை நிரப்பும்போது பேட்டரியிடம் ஒரே மூச்சில் நிறையக் கேட்கும். மட்டமான பேட்டரிக்கு உள் தடை அதிகம். பாட்டுக்கும் மெனுவுக்கும் சொட்டுச்சொட்டாகக் கொடுத்துவிடும். ஒரு குடம் சேர்த்துக் கேட்டால் வோல்டேஜ் விழுந்துவிடும், ஃபோன் பயந்து அணைந்துவிடும். சுமை போனதும் வோல்டேஜ் ஏறிவிடுவதால்தான் திரும்ப முக்கால்வாசி காட்டுகிறது. சார்ஜர் சொருகியபோது ஒரு படம் வந்ததும் இதனால்தான், சார்ஜர் கொஞ்சம் முட்டுக்கொடுத்தது.

இப்போதைக்குப் பேட்டரியைக் கழற்றி, அதன் தகடுகளையும் ஃபோனில் இருக்கும் ஊசிகளையும் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். தூத்துக்குடி உப்புக்காற்று (உங்களைச் சொல்லவில்லை) அதில் பாசி பிடிக்க வைத்திருக்கும். ஃபோனைப் பிரித்து உள்ளே கை வைக்காதீர்கள், அந்தக் கெபாசிட்டர் அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்.

உப்பிய பழைய பேட்டரியை ஏன் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறீர்கள்? அழுத்தாமல், குத்தாமல், குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதை நகைப் பட்டறை வரை தூக்கிக்கொண்டு போனீர்களா!

பழைய சிம்பியன்

கார்டு விஷயம் சின்னது. 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் (கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை) ஃபார்மட் ஆகி வரும். 808-க்கு அது புரியாது, ஃபேட்32 என்ற பழைய முறை வேண்டும். விண்டோஸில் வலது கிளிக் செய்து வரும் ஃபார்மட் பெட்டி, 32 ஜிபிக்கு மேல் போனால் ஃபேட்32-ஐக் காட்டவே காட்டாது. அதற்கென்று இருக்கும் இலவச மென்பொருள் ஒன்றில் செய்யுங்கள். தலைவலி வேண்டாம் என்றால் 32 ஜிபி கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். உள்ளேயே 16 ஜிபி வேறு இருக்கிறது, எவ்வளவு உப்பைத்தான் படம் எடுப்பீர்கள்?

இன்டர்நெட்டுக்கு முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அதன் பிரவுசருக்குத் தெரிந்த பாதுகாப்பு முறைகளை இன்றைய தளங்கள் ஏற்பதில்லை, பெரும்பாலும் எதுவும் திறக்காது. 4ஜியும் கிடையாது என்பதால் ஜியோ சிம் வேலை செய்யாது. 2ஜி வைத்திருக்கும் நிறுவனத்தின் சிம் போட்டால் பேசலாம். ஒன்று கவனம், இது மைக்ரோ சிம். இப்போதைய குட்டி நானோ சிம்மை அடாப்டர் இல்லாமல் தள்ளிவிட்டால் உள்ளே மாட்டி, ஊசியைப் பிய்த்துவிடும்.

இந்த ஃபோனை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான். இதை ஓட்டும் மென்பொருள் சிம்பியன். நோக்கியா 2011 பிப்ரவரியில் "இனி விண்டோஸ் ஃபோன்தான்" என்று அறிவித்துவிட்டு, 2012 பிப்ரவரியில் பார்சிலோனாவில் இதைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூழ்குகிற கப்பல் என்று கேப்டனே சொன்ன பிறகு யார் டிக்கெட் வாங்குவார்கள்? திரை வேறு வெறும் 640க்கு 360. 2013 ஜனவரியில் இதுதான் கடைசி சிம்பியன் ஃபோன் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வெட்டிப்பேச்சு

சரி சரி, மியூசியம் வேண்டாம். அந்த உப்புப் படத்தைப் போடுங்கள், பார்க்கிறேன்.

உப்புக்காற்று

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரப்பரால் தேய்த்தபோது கறுப்பாக வந்தது. அதன் பிறகு ஐந்து படத்துக்கு இரண்டு வந்தன. மீதிக்கு அதே பழைய கதை. ஆக அண்ணாச்சி சொன்னபடி பேட்டரிதான். இங்கே ஒரு பழைய ரிப்பேர் கடையில் பிவி-4டி இரண்டு இருந்தன. ஒன்று சீல் பிரிக்காத ஒரிஜினல், இன்னொன்று வேறு ஏதோ பெயரில் 1450 என்று எழுதியிருந்தது. கடைக்காரரிடம் கேட்டுக் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரிஜினல் இரண்டாவது ஃப்ளாஷில் அணைந்துவிட்டது!

பட்டறை அண்ணாச்சி (நெல்லை)

சீல் பிரிக்காவிட்டாலும் அதற்கும் வயதாகும், தங்கச்சி. லித்தியம் பேட்டரி டப்பாவுக்குள் தூங்கினாலும் கிழடாகும். பத்து வருடம் காலியாகவே கிடந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த 1450 என்ன ஆயிற்று?

உப்புக்காற்று

அதுதான் வாங்கினேன். ராத்திரி மொட்டை மாடியில் முப்பது ஃப்ளாஷ் அடித்தேன், ஒருதரம்கூட அணையவில்லை. எதிர்வீட்டு நாய்தான் குரைத்துக்கொண்டே இருந்தது. 32 ஜிபி கார்டும் போட்டாயிற்று. தினமும் மாலையில் கார்டைக் கழற்றி ரீடரில் போட்டுக் கணினிக்கு ஏற்றுகிறேன். எண்களையெல்லாம் ப்ளூடூத்தில் என் ஃபோனுக்கும் எடுத்துவிட்டேன்.

ஒரே சிக்கல், ஃபோனை அப்பா திரும்ப வாங்கிக்கொண்டார். காலையில் உப்பளத்துக்குப் போனால் சட்டைப் பையில் அதுதான் தொங்குகிறது. அதனால் உபரிக்கு இன்னொரு 1450 வாங்கி வைக்கலாமா? வைத்தால் கெட்டுப்போகுமா?

பட்டறை அண்ணாச்சி (நெல்லை)

ஒன்று வாங்கலாம். முழுதாக ஏற்றாமல், பாதி சார்ஜில் கழற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் ஃபோனில் போட்டுப் பாதிக்கு ஏற்றிவிடுங்கள். கழற்றிய பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் மட்டும் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.