ஈரல் கட்டி: புற்றா, ஹைடாடிட்டா? ஊசி குத்திப் பார்க்கலாமா?

தாராபுரம்_செம்மறி:
பட்டியில ஆடும் நாயும் வச்சிருக்கிற பெரியவர், வயசு 58. ஈரல்ல 8 செ.மீ. கட்டி. ஸ்கேன் ரிப்போர்ட்ல புற்றுக்கட்டி, ஹைடாடிட் ரெண்டையும் போட்டிருக்காங்க. ஊசியில சதை எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமுங்களா?

ஸ்கேன்_கோவை:
வேண்டாமுங்க, அவசரப்படாதீங்க. ஹைடாடிட் என்பது எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் இளம்பருவம். கட்டிக்குள் நீர் அழுத்தத்தோடு நிற்கும். தெரியாமல் குத்தி அது வயிற்றுக்குள் கசிந்தால், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். புழுத்தலைகள் சிதறி, பின்னாளில் அங்கங்கே புதுக் கட்டி முளைக்கும்.

அல்ட்ராசவுண்டை இன்னொரு முறை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்க. உள்ளே தேன்கூடு மாதிரி சேய்க்கட்டிகள், அல்லது கழன்று மிதக்கும் உள்சவ்வு தெரிந்தால் ஏறக்குறைய முடிவாகிவிடும். நீர் வற்றிக் கெட்டியான பழைய கட்டிதான் ஏமாற்றும், புற்று மாதிரியே இருக்கும். உள்ளே நூல்கண்டு போல் சுருண்ட சவ்வு இருக்கா, டாப்ளரில் ரத்த ஓட்டம் இருக்கா என்று பாருங்க. ஹைடாடிட்டின் உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது.

லேப்_ஈரோடு:
கூடவே எக்கினோகாக்கஸ் ஐஜிஜி எலைசா என்ற ரத்தப் பரிசோதனை எடுங்க. நெகட்டிவ் வந்தாலும் ஹைடாடிட் இல்லைன்னு ஆகாது. மூளையில் கட்டி உண்டாக்கும் பன்றி நாடாப்புழு இருந்தாலும் இது பாசிட்டிவ் காட்டலாம். புழு இருந்தா ஏறக்கூடிய வெள்ளணுவான ஈசினோஃபில் நார்மல்னு மட்டும் நம்பிடாதீங்க, பலருக்கு ஏறவே ஏறாது.

தாராபுரம்_செம்மறி:
ஹைடாடிட்டுன்னா ஆபரேஷன்தானுங்களா?

ஸ்கேன்_கோவை:
கட்டியின் நிலையைப் பொறுத்தது. 5 செ.மீ.க்குள் வெறும் நீர்க்கட்டி என்றால் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை மட்டுமே போதலாம்: பெரியவர்களுக்கு வழக்கமாக 400 மி.கி. தினம் இருவேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. ஈரல் டெஸ்டும் வெள்ளணு எண்ணிக்கையும் இடையிடையே பார்க்கணும். பெரிய நீர்க்கட்டியில் அல்பெண்டசோல் கொடுத்துவிட்டு, ஒவ்வாமைக்கு மருந்து தயாராக வைத்து, ஸ்கேன் பார்த்தபடி நீரை உறிஞ்சுவார்கள். அந்த நீரில் பித்தம் இருந்தால் கட்டிக்குள் புழுக்கொல்லி மருந்தைச் செலுத்தக் கூடாது, பித்தக்குழாய் சுருங்கிப் போகும். சேய்க்கட்டிகள் நிறைந்திருந்தால் பெரும்பாலும் அறுவைதான்.

கால்நடை_காங்கேயம்:
பெரியவர் கறி சாப்பிட்டதால வந்ததில்லைங்க. நாய் மலத்திலுள்ள முட்டை கை வழியாகவோ கீரை வழியாகவோ வாய்க்குப் போகணும். கிடாவெட்டுல ஈரல், நுரையீரல்ல நீர்க்கொப்புளம் இருந்தா நாய்க்கு வீசாதீங்க. அரை மணி நேரத்துக்கு மேல கொதிக்க வைங்க, இல்லைன்னா நாய் தோண்ட முடியாத ஆழத்துல புதைங்க. பட்டி நாய்க்குக் கிலோவுக்கு 5 மி.கி. பிராசிகுவாண்டல், ஆறு வாரத்துக்கு ஒருமுறை. மருந்து கொடுத்த சில நாள் நாயைக் கட்டி வச்சு, மலத்தை அள்ளி எரிச்சிடுங்க. பினாயிலுக்கு அந்த முட்டை சாகாது, கொதிநீருக்குச் சாகும்.