ஆங்கில வகுப்பறையில் நான் பேசாமல் நின்ற நேரம் – அனுபவப் பகிர்வு

வாடிப்பட்டி பக்கத்திலிருந்து ஒரு பட்டதாரி ஆசிரியர்:

நான் 1996-இல் பணியில் சேர்ந்தபோது ஆங்கில ஆசிரியரின் வேலை என்னவென்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. பாடத்தை வரிவரியாக வாசித்துத் தமிழில் பொருள் சொல்ல வேண்டும். கடினச் சொற்களைக் கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதிப்போட வேண்டும். பாட இறுதியில் உள்ள வினாக்களுக்கு விடை எழுதிக்கொடுத்து, மறுநாள் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பாடவேளை முழுக்க என் குரல்தான் ஒலிக்கும். அந்த முறையை நான் இன்றும் முற்றாகப் பழிக்க மாட்டேன், ஏனெனில் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு ஆசிரியர் பேசுவதை விட்டால் அந்த மொழியைக் கேட்க வேறு வழியே இருக்கவில்லை. ஆனால் நல்ல மதிப்பெண்ணோடு தேறிப்போன பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகள் கழித்துக் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "சார், எழுதச் சொன்னா எழுதிருவேன், இன்டர்வியூல ஒரு வார்த்தை வாயில வரல சார்" என்று சொன்னபோது, அது அவருடைய குறை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பணியிடைப் பயிற்சிகளில், ஆசிரியர் இனி 'ஃபெசிலிட்டேட்டர்', அதாவது மாணவர்கள் தாமே கற்க வழி அமைத்துக் கொடுப்பவர், ஆக வேண்டும் என்று பலமுறை சொன்னார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிபட்டது, மொழிக்கல்வி அறிஞர் என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூருத் திட்டத்தைப் பற்றிப் படித்த பிறகுதான். கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து மாணவர்கள் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். கவனம் பொருளின் மீது இருக்கையில் மொழி தானாக உள்ளே இறங்கும் என்பதே அதன் அடிப்படை. நம் மண்ணிலேயே நடந்த சோதனை என்பதால் எனக்குத் துணிவு வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் இப்படி ஒரு வேலை கொடுத்தேன்: சென்னையிலிருந்து பேருந்தில் வரும் மாமா மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார், அவர் தேனிக்குப் போக வேண்டும், நால்வர் நால்வராகப் பேசி அவருக்கு ஆங்கிலத்தில் வழி சொல்லுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன சார், சந்தைக்கடை மாதிரி இருக்கு" என்று கேட்கும் அளவுக்கு இரைச்சல் எழுந்தது. அந்த இரைச்சலில் பெரும்பகுதி தமிழ்தான், அதை நான் தடுக்கவில்லை. அப்போது கடைசி பெஞ்சில், அந்த ஆண்டு முழுவதும் வாய் திறக்காத ஒரு பையன் எழுந்தான். அவனுடைய அப்பா ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்பவர். "அங்கிள் கெட் டவுன் மாட்டுத்தாவணி. தேர் நோ தேனி பஸ். டவுன் பஸ் கோ ஆரப்பாளையம். தென் தேனி பஸ்" என்றான்.

என் கையில் சாக்பீஸ் இருந்தது. நான்கு வாக்கியங்களிலும் இருந்த பிழைகள் எனக்கு வரிசையாகத் தெரிந்தன. இருபது ஆண்டுப் பழக்கத்தில் நாக்கு நுனிவரை திருத்தம் வந்துவிட்டது. பேசாமல் நின்றேன். முன்வரிசைப் பெண் திரும்பி, "டவுன் பஸ் ஹவ் மச்?" என்று அவனிடம் கேட்டாள், அவனும் பதில் சொன்னான். அதன்பிறகே, உரையாடலில் நானும் ஒருவனாகக் கலந்துகொண்டு, "ஸோ, ஹி ஷுட் டேக் எ டவுன் பஸ் டு ஆரப்பாளையம்" என்றேன். அவன் உட்காரும்போது தனக்குள் மெதுவாக, "டேக் எ டவுன் பஸ்" என்று சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது.

பேசாமல் நிற்பதை ஓய்வு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய நாள் மாலை முழுவதையும் அந்த ஒரு வேலையைத் திட்டமிடவே செலவிட்டேன்; வகுப்பில் குழு குழுவாகச் சென்று, கேட்ட பிழைகளைக் குறிப்பேட்டில் எழுதிவந்து, மறுநாள் பத்து நிமிடம் இலக்கணமாக நடத்தினேன். இலக்கணம் கற்பிப்பவன் என்ற என் பழைய வேடம் போய்விடவில்லை, அதற்கு முன்னும் பின்னும் வேறு வேலைகள் சேர்ந்திருக்கின்றன. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தின் இரு தாள்கள் ஒரே தாளாக்கப்பட்ட பிறகும் நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே போவதால், அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நானும் மீண்டும் ஒப்பிக்கக் கேட்பவனாகிவிடுகிறேன். இது என்னை இன்னும் உறுத்துகிறது.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் இடைநிலை ஆசிரியை:

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் தொடக்கப் பள்ளியின் பாய் நினைவுக்கு வந்தது. 2007-08-இல், குழந்தைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது, நாற்காலியை விட்டிறங்கிக் குழந்தைகளோடு தரையில் அமர்ந்தோம். கற்கும் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப் படமும் அட்டைகளும் கீழ்மட்டக் கரும்பலகையும் வந்தன. ஆனால் என் பணி மெய்யாகவே மாறியது 2021 நவம்பர் 1 அன்று பள்ளி மீண்டும் திறந்த பிறகுதான். மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்த பிள்ளைகள், கடைசியாகப் பள்ளியைப் பார்த்தது ஒன்றாம் வகுப்பில். அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கு முன், ஓரிடத்தில் அமரவும் பக்கத்துப் பிள்ளையோடு பேசவும் பழக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப, தொடக்க நிலையிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து நடத்தினோம். மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் வேலையும் கூடவே சேர்ந்தது. பிள்ளை முகம் பார்க்க வேண்டிய நேரம் திரையில் போவதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஒருநாள் ஒரு சிறுமி கை நிறைய மல்லிகை கொண்டுவந்தாள். அவளுடைய அம்மா விடியுமுன் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர். "டீச்சர், மொட்டுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள். 'பட்' என்றேன். அவள் உள்ளங்கையில் இருந்ததை இரண்டாகப் பிரித்து வைத்து, "பட் மணி. ஃபிளவர் நோ மணி" என்றாள். விரிந்த பூவுக்குச் சந்தையில் விலை கிடைக்காது என்பதை, ஆங்கிலத்தில் அரும்பு நிலையில் இருந்த பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் பாடம் நடத்தினாள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை:

எனக்கு வந்திருக்கும் மாற்றம் வேறு வகையானது. ஊர்த் திருவிழா பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை கேட்டேன். வந்தவற்றில் பெரும்பாலானவை பிழையே இல்லாமல், ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. எந்தச் சாமி, எந்தத் தெரு என்ற பேச்சே அவற்றில் இல்லை. கைப்பேசியில் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதியவை என்பது புரிந்தது. யாரையும் கடிந்துகொள்ளவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் என் எதிரில் அமர்ந்து தங்கள் திருவிழாவை எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றேன். திருத்துபவளாக இருந்த நான் அன்று முதல் கேட்பவளாகவும் கேள்வி எழுப்புபவளாகவும் ஆனேன்.

தல்லாகுளத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி அழகரின் எதிர்சேவையைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டாள். "மேம், எதிர்சேவைக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே இல்லையே?" என்றாள். எனக்கும் கிடைக்கவில்லை. 'ரிசப்ஷன்' என்று பார்த்தோம், கல்யாண மண்டபம் போல இருக்கிறது என்று அவளே ஒதுக்கினாள். 'வெல்கம்' போதவில்லை. கால்மணி நேரம் இருவரும் சொற்களை எடுத்தும் வைத்தும் பார்த்தபின், எதிர்சேவை என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, சாமி ஊருக்குள் வந்து சேரும்வரை காத்திராமல் பாதி வழியிலேயே போய்ப் பார்ப்பது என்று அதன் கீழே ஒரு வரி ஆங்கிலத்தில் சேர்த்தாள். அந்த வரியில் ஒரு முன்னிடைச்சொல் தவறாக இருந்தது. அதை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தேன்.