தீ அலாரம் பேனலில் 12 புகை டிடெக்டர் "பதில் இல்லை" என்று வருகிறது, அவசர உதவி

அவசரம்24: அட்ரஸபிள் பேனல், அதாவது ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் (முகவரி) உண்டு. காலையிலிருந்து 41 முதல் 52 வரை "பதில் இல்லை" என்று காட்டுகிறது. ரீசெட் செய்தால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, அப்புறம் மறுபடி அதே. 12 டிடெக்டரையும் மாற்ற வேண்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பிக்காரர்: எந்த பேனல்? லூப், அதாவது டிடெக்டர்களை இணைக்கும் கம்பி, பேனலுக்கே திரும்பி வருகிறதா, கடைசி டிடெக்டரோடு நின்றுவிடுகிறதா? டிடெக்டரின் எல்இடி மினுக்குகிறதா?

புகைவாசம்: இரட்டை முகவரிதான் சார், 2 டிடெக்டருக்கு ஒரே எண். நான் பார்த்த கோளாறில் பாதி அதுதான். எண்ணை வைக்கும் குட்டி ஸ்விட்சுகளை (டிப் ஸ்விட்ச்) பாருங்கள்.

லூப்ராஜா: அடிப்படையைப் படித்துவிட்டுப் பதில் போடலாமே. ஒரே 2 கம்பியில்தான் மின்சாரமும் போகிறது, பேச்சும் நடக்கிறது. பெரும்பாலான பேனல்கள் வோல்டேஜை ஏற்றி இறக்கி, எண் எண்ணாகக் கூப்பிடும். தன் எண்ணைக் கேட்ட டிடெக்டர் மட்டும் சில மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துப் பதில் தரும். 2 பேருக்கு ஒரே எண் என்றால் இரண்டும் சேர்ந்து இழுக்கும், அந்த ஒரு எண்ணின் பதில்தான் குழம்பும். 12 எண் எப்படிப் போகும்?

கம்பிக்காரர்: 41-52 கம்பி ஓடும் வரிசையிலும் அடுத்தடுத்துதான் இருக்கின்றனவா? எண் வரிசையும் கம்பி வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அவசரம்24: எல்லாம் ஒரே தாழ்வாரத்தில், அடுத்தடுத்து. எல்இடி மினுக்கவில்லை. லூப் திரும்பி வருகிறது. நேற்று அங்கே 2 டிடெக்டர் புதிதாகச் சேர்த்தோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

புகைவாசம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

கம்பிக்காரர்: சம்பந்தம் இருக்கிறது. லூப் ஓரிடத்தில் அறுந்தால் பேனல் மறுமுனையிலிருந்து பேசிவிடும், யாரும் காணாமல் போக மாட்டார்கள். நடுவில் ஒரு துண்டு மட்டும் செத்துப்போனால் ஷார்ட்டைத்தான் சந்தேகிப்பேன். ஷார்ட் வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் இரு பக்கமும் திறந்து அந்தத் துண்டைக் கழற்றிவிட்டிருக்கும். ரீசெட் செய்தால் மறுபடி சேர்த்துப் பார்க்கும், ஷார்ட் இருந்தால் திரும்பவும் திறக்கும். புது டிடெக்டர்கள் மாட்டியிருக்கும் பேஸ் (அடித்தட்டு) இரண்டையும் திறந்து பாருங்கள். அதற்கு முன் லூப்பை பேனலிலிருந்து கழற்றிவிடுங்கள். டிடெக்டர் மாட்டியிருக்கும்போது மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைக்கவே வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். அதுவரை அங்கே ஆள் சுற்றி வரட்டும், இப்போது அந்தத் தாழ்வாரத்தில் தீப்பிடித்தால் பேனலுக்குத் தெரியாது.

புகைவாசம்: ஷீல்டையும் (கேபிளுக்குள் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) பாருங்கள். இரு முனையிலும் எர்த் செய்தீர்களா?

லூப்ராஜா: தவறான யோசனை. இரு எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடும். பேனல் பக்கம் மட்டும்தான் எர்த். பேஸுக்குப் பேஸ் ஷீல்டு விடாமல் தொடர வேண்டும்.

புகைவாசம்: மோட்டார் டிரைவ் கேபிள் பக்கத்தில் ஓடினால் ஒரு முனை எர்த் போதாது. அதிக அதிர்வெண் இரைச்சலுக்கு இரு முனைதான்.

லூப்ராஜா: அப்படியானால் டிரைவ் கேபிளைத் தள்ளிப் போடுங்கள். பேனலோடு வந்த கையேட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வாதாடலாம்.

புகைவாசம்: கையேட்டுக்குக் கையேடு மாறும் சார்.

அவசரம்24: இரண்டாவது புது பேஸில் ஷீல்டு இழை ஒன்று பிளஸ், மைனஸ் இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டி இன்சுலேஷன் ஸ்லீவ் போட்டேன். 12-ம் வந்துவிட்டன. நன்றி.

கம்பிக்காரர்: நல்லது. புது டிடெக்டர் இரண்டுக்கும் புகை அடித்து, பேனலில் சரியான இடப்பெயர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஷீல்டு தொடர்ச்சி அந்த பேஸில் இன்னும் இருக்கிறதா?