ரவென்னாவின் மொசைக் ஓவியங்கள்: ஒரு பகல் போதுமா?

கேள்வி (தென்றல்):
அடுத்த மாதம் அம்மாவுடன் இத்தாலி செல்கிறேன். போலோஞாவில் தங்கியபடி ஒரு பகலை மட்டும் ரவென்னாவுக்கு ஒதுக்க எண்ணம். அங்குள்ள எட்டு நினைவுச்சின்னங்களை யுனெஸ்கோ 1996-இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எட்டையும் மாலைக்குள் பார்த்துவிட இயலுமா, அல்லது சிலவற்றைத் தவிர்ப்பது நல்லதா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில் (கல்தச்சன்):
எட்டையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். போலோஞாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பழைய நகரம் சிறியது, சமதளமானது, ஆகவே நிதானமாக நடந்தால் அம்மாவுக்குச் சிரமம் இராது. சான் விட்டாலே தேவாலயமும் ரோமப் பேரரசி கல்லா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் சிறு கல்லறை மண்டபமும் ஒரே வளாகத்தில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குங்கள். அந்த மண்டபத்துக்கும் நியோனியத் திருமுழுக்கு மண்டபத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். உள்ளே சில நிமிடங்களே இருக்க விடுவார்கள். கல்லறை மண்டபத்தில் பளிங்குபோன்ற அலபாஸ்டர் பலகைகள் பதித்த சன்னல்கள் வழியே மங்கிய ஒளிதான் வரும் என்பதால், வெயிலிலிருந்து நேரே நுழைந்தால் கண் பழகுவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். சற்று முன்னதாகவே சென்று நிழலில் காத்திருங்கள். கருநீலக் கூரையில் பொன் விண்மீன்கள் அப்போதுதான் துலங்கும்.

547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலேயில் அவசரமே கூடாது. கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரத்துடன் காணிக்கை ஏந்தி நிற்கும் இரு ஓவியங்களும் பலிபீடத்தின் இருபுறமும் எதிரெதிரே உள்ளன. ஜஸ்டினியன் இந்நகரத்துக்கு வந்ததே இல்லை என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அது வழிபாட்டுக் காட்சி மட்டுமல்ல, ஆட்சியுரிமையின் அறிவிப்பும்கூட என்பது புரியும். அரசியின் ஆடைக் கரையில் குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானியர் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தவிர்ப்பதானால் ஜஸ்டினியனுக்கு முன் இங்கு ஆண்ட கோத் இன மன்னர் தியோடொரிக்கின் கல்லறையைத் தவிர்க்கலாம். ஒரே கல்லாலான அதன் கூரை வியப்புக்குரியதுதான். ஆனால் நீங்கள் தேடிப்போகும் மொசைக் அங்கில்லை. கிளாஸ்ஸேயில் உள்ள தேவாலயமும் நகருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அதையும் விட்டுவிடலாம்.

பதில் (நெய்தல்):
முன்னவர் சொன்னவற்றில் கிளாஸ்ஸேயைப் பற்றியது தவிர மற்ற அனைத்தும் எனக்கு உடன்பாடே. 549-இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்துக்கு ரிமினி செல்லும் பாதையில் அடுத்த ரயில் நிலையமே போதும்; 4-ஆம் எண் பேருந்தும் செல்கிறது. அதன் பலிபீடத்துக்கு மேலுள்ள மொசைக்கில் பசும்புல்வெளி, நடுவே கைவிரித்து நிற்கும் ரவென்னாவின் முதல் ஆயர் புனித அப்பொல்லினாரே, மேலே விண்மீன்கள் சூழ்ந்த சிலுவை. அதை நோக்கும் மூன்று ஆடுகள் இயேசுவின் மூன்று சீடர்களைக் குறிக்கின்றன. நகரக் கூட்டத்துக்குப் பின் அந்த அகன்ற கூடத்தின் அமைதி அம்மாவுக்கும் ஓய்வாக இருக்கும். நேரம் போதாவிட்டால் நியோனியம், ஆரியம் என்ற இரு திருமுழுக்கு மண்டபங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் கூரையிலும் இயேசுவின் திருமுழுக்கும் பன்னிரு திருத்தூதர்களும்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தியோடொரிக் கட்டிய சாந்த் அப்பொல்லினாரே நுவோவோ தேவாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில் (கல்தச்சன்):
கட்டாயம் சேருங்கள், ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியிலிருந்து அதிக விலகல் இல்லை. அரண்மனை ஓவியத்தில் தூண்களுக்கிடையே இருந்த உருவங்களைப் பிற்கால ஆட்சியில் அழித்துத் திரைச்சீலைகளாக மாற்றிவிட்டார்கள். ஆயினும் சில தூண்களின்மேல் அவர்களுடைய கைகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. இதுவும் சான் விட்டாலேயும் ஒரே கூட்டுச்சீட்டில் அடங்கும்; கிளாஸ்ஸேக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.