கிளெப் தேர்வு: படித்தது நிற்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

டல்லாஸ்வாசி:
கிளெப் எழுதப் போகிறேன், வகுப்புக்குப் போகாமலே கல்லூரி கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் புள்ளி) வாங்கித் தரும் அமெரிக்கத் தேர்வு. இன்னும் மூன்று வாரம்தான். புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், மாதிரித் தேர்வில் பாதியைத் தாண்டவில்லை. எப்படிப் படிப்பது? அவசரம்.

மோர்க்குழம்பு:
எந்தப் பாடம்? கிளெப்பில் முப்பதுக்கு மேல் இருக்கிறது. கல்லூரி எவ்வளவு கேட்கிறது?

பழையபுளி:
தம்பி, நோயைச் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி? வாரத்துக்கு ஒருவர் இதையேதான் கேட்கிறார். முதலில் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

டல்லாஸ்வாசி:
தம்பி இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அமெரிக்க வரலாறு, முதல் பகுதி. 50 வேண்டும்.

இரவுப்பறவை:
அட்டைதான் வழி. முன்பக்கம் ஆண்டு, பின்பக்கம் சம்பவம். தினமும் ஐம்பது.

மோர்க்குழம்பு:
அட்டை இருக்கட்டும். அந்த 50 நூற்றுக்கு ஐம்பது இல்லை, 20 முதல் 80 வரை போகும் அளவுகோலில் 50. அதனால் பாதி சரி என்றால் ரொம்பத் தள்ளி இல்லை. தப்பெல்லாம் எங்கே வருகிறது?

டல்லாஸ்வாசி:
காலனிக் காலம் தண்ணீர் பட்ட பாடு. அதிபர் ஜாக்சனுக்குப் பிறகு குழப்பம். அடிமை முறை பற்றிச் சமரசம் சமரசம் என்று வந்துகொண்டே இருக்கிறது.

மோர்க்குழம்பு:
அங்கேதான் கோளாறு. 70 சதவீதக் கேள்வி 1790 முதல் 1877 வரை. காலனியை மூடி வையுங்கள். ஒரே தாளில் எழுதுங்கள்: 1820, மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம், அதாவது அடிமை முறை இல்லாதது; மேற்கே இரண்டையும் பிரிக்க ஒரு எல்லைக் கோடு. 1850, கலிபோர்னியா சுதந்திர மாநிலம், பதிலுக்குத் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டம். 1854, கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்த எல்லைக் கோடே வேண்டாம் என்று அழித்தது. ஏன் அடித்துக்கொண்டார்கள் என்று புரிந்தால் ஆண்டு தானாக நிற்கும்.

பழையபுளி:
90 நிமிடம், 120 கேள்வி. யோசிக்க நேரம் கிடையாது. தெரியாவிட்டாலும் குறித்துவிட்டுப் போங்கள், தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

இரவுப்பறவை:
என்னைக் கேட்டால் இதெல்லாம் படிப்பே இல்லை. மனப்பாடத்துக்கு மூன்று கிரெடிட்.

மோர்க்குழம்பு:
அட்டை போடச் சொன்னவர் நீங்கள்தானே?

இரவுப்பறவை:
அது வேறு.

பழையபுளி:
வகுப்பில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கேயும் மனப்பாடம்தான், கட்டணம்தான் கூட.

டல்லாஸ்வாசி:
தேர்வு எழுதிவிட்டேன், 54. முடித்ததும் திரையிலேயே காட்டிவிட்டது. மிசௌரி வந்தது. நன்றி.

பூவரசம்:
அக்கா, எந்த மாதிரித் தேர்வு எழுதினீர்கள்? எனக்கு அடுத்த மாதம்.

பூவரசம்:
அக்கா?