ஸ்பீக்கர் ஒயரின் தடிமன்: சுங்கை சிப்புட்டிலிருந்து சில அனுபவங்கள்

தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்காரர்:

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் இருபுறமும் உள்ள ஸ்பீக்கர்களுக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் (குறுக்குவெட்டுப் பரப்பு) ஒயரைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். மூன்று மீட்டர் தூரத்துக்கு அதில் குறையேதும் தெரியவில்லை. தீபாவளித் திறந்த இல்லத்துக்காக, கார் நிறுத்தும் முன்புறத்தில் இரண்டு 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர்களை வைத்து, அதே ஒயரைக் கதவு நிலையைச் சுற்றிப் பத்து மீட்டர் இழுத்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. சத்தம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் தவில் ஒலி இறுக்கம் இழந்து, ஒவ்வோர் அடியும் அடுத்ததோடு குழைந்தது போல் கேட்டது.

பிறகு கணக்கிட்டுப் பார்த்ததில் காரணம் விளங்கியது. மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டியிருப்பதால், பத்து மீட்டர் தூரம் என்பது ஒயரில் இருபது மீட்டர் ஆகிறது. அவ்வளவு நீளத்துக்கு 0.75 செம்பு ஒயரின் மின்தடை ஏறத்தாழ 0.46 ஓம். ஒயரின் மின்தடை ஸ்பீக்கரின் ஓம் அளவில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது வெறும் 0.2 ஓம்தான். எங்கள் ஒயரின் 0.46 ஓமில் ஸ்பீக்கரைச் சேரும் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அது ஒரு டெசிபல் அளவுதான் என்பதால் காது அதைச் சத்தக் குறைவாக அவ்வளவாக உணர்வதில்லை. ஆனால் ஸ்பீக்கரின் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஓரிடத்தில் ஏறி, வேறோர் இடத்தில் இறங்குகிறது. ஆகவே ஒயர் விழுங்கும் பங்கும் சுருதிக்குச் சுருதி மாறி, ஒலியின் குணத்தையே சற்றுத் திருப்பிவிடுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியபின் மின்தடை 0.14 ஓமுக்கு இறங்கியது. தவிலும் தவிலாகக் கேட்டது.

கோவில் ஒலிபரப்புக்காரர்:

தாமான் அண்ணன் சொன்ன கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துக் கோவில் திருவிழாவில் செம்பனை வரிசையோரமாக நாங்கள் மெல்லிய ஒயரை நெடுந்தூரம் இழுத்துக் குழாய் ஸ்பீக்கர்களை ஒலிக்கவைப்பதைப் பார்த்துவிட்டு, “அங்கே ஓடுகிற ஒயர் வீட்டில் ஏன் ஓடாது?” என்று லயத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாங்கள் ஓட்டுவது 100 வோல்ட் லைன் முறை. அதில் 100 வாட் அனுப்ப ஓர் ஆம்பியர் போதும். ஒவ்வொரு குழாயிலும் உள்ள சிறிய டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கிறது. அதே 100 வாட்டை வீட்டு ஆம்ப்ளிஃபையர் 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்போது மின்னழுத்தம் 28 வோல்ட் அளவிலேயே இருப்பதால், மூன்றரை ஆம்பியர் ஓடியாக வேண்டும். ஒயரில் வெப்பமாகப் போகும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே ஒயரில் இழப்பு பன்னிரண்டு மடங்கைத் தாண்டும். அப்படியிருக்க, கோவில் ஒயரை அளவுகோலாகக் கொண்டு வீட்டுக்கு வாங்குவது பொருந்தாது. டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய குழாயை வீட்டு ஆம்ப்ளிஃபையரில் நேரே மாட்டிப் பார்ப்பதும் வீண் வேலை.

ஒயரிங் வேலை செய்பவர்:

இருவரும் தடிமனைப் பற்றி எழுதிவிட்டீர்கள். உள்ளே இருப்பது எந்த உலோகம் என்பதையும் பார்க்க வேண்டும். பட்டணத்துக் கடையொன்றில் 2.5 என்று அச்சிட்ட, விலை மலிவான சுருள் ஒன்றை ஒரு வாடிக்கையாளர் வாங்கி வந்திருந்தார். கையில் எடுத்தபோதே அது பஞ்சாக இருந்தது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டியதும் செந்நிறம் போய் வெள்ளை தெரிந்தது: அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர். அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே அந்த 2.5 உண்மையில் 1.5 செம்பைவிடச் சற்றே மேலானது, அவ்வளவுதான். ஆனால் வெளியே வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியம் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்பு வெளியே வெள்ளையாகவும், வெட்டிய முனையில் சிவப்பாகவும் இருக்கும்; அது நல்ல ஒயர்.

பெட்டியில் அமெரிக்க கேஜ் எண் இருந்தால், எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்: 16 என்பது 1.3 சதுர மில்லிமீட்டர், 14 என்பது 2.1, 12 என்பது 3.3. நம் வரிசை வீடுகளின் கூடத்துக்கு, 8 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் 1.5 செம்பு தாராளம். 4 ஓம் என்றாலோ பின்சுவர் வரை போக வேண்டும் என்றாலோ 2.5 எடுக்கலாம். 4 சதுர மில்லிமீட்டர் கேட்டு வருபவர்களிடம், ஆம்ப்ளிஃபையரின் பின்புறத் துளையில் அது நுழையுமா என்று முதலில் பார்த்துவரச் சொல்கிறேன். நுழையாத ஒயரின் இழைகளைச் சிலர் வெட்டிக் குறைக்கிறார்கள். அப்போது பிதுங்கிய ஓர் இழை சிவப்பு இணைப்பிலிருந்து கறுப்பு இணைப்பைத் தொட்டாலே ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகலாம். அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபையருக்கு 2.5 ஒயரின் ஒவ்வொரு முனையிலும் அந்தத் துளையில் நுழையும் மெல்லிய ஊசிப் பிளக்கைப் பொருத்தினால் போதும்.